பழைய அளவு

மாஸ்டர் முதலில் சந்தேகப்பட்டது பசையை. பிறகு வெயிலை, பிறகு குளியல் சோப்பை, பிறகு நான் கொண்டுபோய்க் கொடுத்த வெங்காயத்தை. அதெல்லாம் தீர்ந்த பிறகுதான் சொந்த மச்சினனிடம் வந்து நின்றார்.

நான் அவர் தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். சட்டைக்குப் பொத்தான் துளை போட்டு ஓரம் அடைப்பதும், பொத்தான் தைப்பதும் என் வேலை. என் வீட்டுக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். கடையில் முன்னால் வெட்டும் மேசை, அதற்குப் பின்னால் மச்சினன், அதாவது மாஸ்டர் சம்சாரத்தின் தம்பி, உட்காரும் தையல் மிஷின், அப்புறம் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அவர்கள் வீடு. அங்கே யார் தும்மினாலும் எனக்குக் கேட்டுவிடும். அது என் குற்றமில்லை, சுவரின் குற்றம்.

தெருவில் அவருக்கு 'அரையங்குலம்' என்று பேர். மச்சினன் தைத்து முடித்த எதை எடுத்தாலும், கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி வைத்துப் பார்ப்பார். "அரை அங்குலம் குறையுதே" என்பார். மச்சினன் தன் இரும்பு ஸ்கேலை வைத்துக் காட்டுவான்.

"சரியாத்தான் இருக்கு மாமா."

"ஸ்கேல் சரியா இருக்கும். உன் கண்ணுதான் சரியில்ல."

அதோடு பேச்சு முடிந்துவிடும். சட்டைக் கையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். அந்த டேப்பை வேறு யாரும் தொடக்கூடாது. குளிக்கப் போகும்போது மட்டும் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அப்போதுகூட மாஸ்டர் சம்சாரம் அந்தப் பக்கம் துடைப்பத்தோடு போனால், உள்ளேயிருந்து குரல் வரும்.

ஆனால் வேலையில் ஆள் கெட்டிக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இதே அளவுக்குத் தெச்சிடுங்க" என்று எவராவது கேட்டால் அவ்வளவுதான்.

"இந்தச் சட்டை தெச்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா நீங்க சாப்பிடவே இல்லையா? உடம்பு என்ன கல்லா, வெச்ச இடத்துல வெச்சபடி இருக்க? கையைத் தூக்குங்க."

தூக்கித்தான் ஆக வேண்டும். பழைய அளவை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

போன வருடம் அவருக்குக் குடலில் கட்டி வந்தது. வலியில் சுருண்டு கிடந்தவரை மச்சினன்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் ஒரு முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து வைத்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர் சொன்னார்கள். செக்கச்செவேலென்று ஈரமாக, கோட்டுப் பொத்தான் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் கழிவெல்லாம் அந்த வழிதான். நாம் சொல்லும்போது வராது, அதன் இஷ்டத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அதைச் சுற்றி ஒட்டிக்கொள்கிற ஒரு தட்டை வயிற்றில் ஒட்டி, தட்டில் ஒரு பையை மாட்டிக்கொள்ள வேண்டும். தட்டின் நடுவில் அவரவர் ஸ்டோமா அளவுக்குத் துளை வெட்டிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

வெட்டுவது என்றால் மாஸ்டருக்குச் சொல்லியா தர வேண்டும்? கட்டிலில் படுத்தபடியே ஒரு மருந்து அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, ஸ்டோமாவின் அளவுக்கு ஒரு அச்சு வெட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "இது என் வேலை. நான் பார்த்துக்கறேன். இதை நீ பார்க்க வேண்டாம். யாருமே பார்க்க வேண்டாம்."

டவுன் மருந்துக் கடையில் பையும் தட்டும் அடங்கிய பெட்டி வாங்கி வருவது மட்டும் மச்சினன் வேலை. பெட்டி வந்த அன்றே மாஸ்டர் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அட்டை அச்சை வைத்துக் கோடு போட்டு, எல்லாத் தட்டிலும் ஒரே மூச்சில் துளை வெட்டி அடுக்கிவிடுவார். ஒரு டஜன் காலர் வெட்டுகிற மாதிரிதான். மறுபடி வந்து காட்டச் சொன்ன தேதிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கேட்டால், "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார்.

நல்லாத்தான் இருந்தது. பசி திரும்பி வந்தது. மாஸ்டர் சம்சாரம் முட்டையும் உருளைக்கிழங்குமாகப் போட்டுத் தேற்றினாள். ஒட்டிக் கிடந்த வயிறு நிரம்பி, பிறகு தொந்தியாகவும் ஆனது. தன் பேன்ட் இடுப்பை அவரே இரண்டு தடவை பிரித்து விட்டுக்கொண்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்து வந்த கோடையில்தான் பை ஒழுக ஆரம்பித்தது.

எங்களுக்கு உடனே தெரியவில்லை. மாஸ்டர் உடம்பில் அத்தர் வாசனை வந்தது. குனிந்து வெட்டிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிமிர்ந்து, வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். வேறு சட்டையோடு திரும்பி வருவார். வந்ததும் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், யார் மூக்கைச் சுளிக்கிறோம் என்று. நான் ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்ததற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், மச்சினன் சாப்பிடப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு வேலை செய்யணும். யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லுங்க மாஸ்டர்."

"டவுன்ல ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இன்னொரு மருந்துக் கடை இருக்கு. அங்க போய் இதே பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வரணும். இவன் வாங்கற கடையில வேண்டாம்."

"ஏன், உங்க மச்சினன்தான் மாசாமாசம் வாங்கிட்டு வர்றாரே?"

"அதான் கேள்வியே. முன்னாடி நாலு நாள் ஒட்டிக்கிட்டு இருந்த தட்டு, இப்ப ஒரு நாள் தாங்க மாட்டேங்குது. என் உடம்பு அதேதான். நான் வெட்டற துளை அதேதான். மாறினது என்ன? சரக்கு. சரக்கைக் கொண்டு வர்றது யாரு?"

"ஐயோ மாஸ்டர், அவர் அப்படிப்பட்ட ஆளா?"

"எப்படிப்பட்ட ஆளுன்னு யாருக்குத் தெரியும்? நான் நாத்தத்தோட ஓடிக்கிட்டே இருந்தா இந்த மேசையில யார் நிப்பா? யோசிச்சுப் பாரு."

நான் யோசித்தேன். மச்சினனுக்கு வெட்டத் தெரியும், ஆனால் மாஸ்டர் இருக்கும்வரை கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. நல்லவன்தான். ஆனால் யோசிக்கச் சொன்னால் மனசும் சும்மா இருப்பதில்லையே. நான் பெட்டி வாங்கப் போனேன். வழியெல்லாம் மச்சினனின் முகம் கொஞ்சம் கள்ள முகமாகத்தான் எனக்கும் தெரிந்தது.

அந்தப் பெட்டியும் ஒழுகியது. மாஸ்டர் அசரவில்லை. இரண்டு கடைக்காரனும் கூட்டு என்றார். அப்புறம் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ அந்தக் கடையிலதான் வாங்கினியா? இல்ல, அவன் கையில கொடுத்து வாங்கச் சொன்னியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பொத்தான் டப்பாவை மேசையில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நானே போய்ப் பொறுக்கினேன். வேலை வேண்டுமே.

மாஸ்டர் சம்சாரத்துக்கு வேறு சந்தேகம். ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். வெக்கை தாங்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவர் உன்னை டவுனுக்கு எதுக்கு அனுப்பினார்?"

"சும்மா நூல் வாங்க அக்கா."

"நூல் வாங்கப் போனவ மருந்துக்கடைப் பையோட வந்தியே, அதையும் பார்த்தேன். மறுபடி கட்டி வந்திருக்கா? எனக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திரை வாங்கித் திங்கறாரா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"ராத்திரி என் பக்கத்துல படுக்கறதில்ல. கடையில மேசை மேல படுத்துக்கறார். காத்து வருதாம். துணியை அவரே துவைக்கறார். கல்யாணமானதுல இருந்து ஒரு கர்சீப் அலசினவர் இல்ல. அத்தர் வேற. வேற பொம்பளைன்னு நினைச்சாக்கூட நிம்மதியா இருக்கும் போல. இவருக்கு எவ வருவா! எனக்குப் பயம் அது இல்ல. பழைய வியாதிதான் பயம்."

அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. பை ஒழுகுகிறது என்பதை மட்டும் சொன்னேன். தம்பி மேல் விழுந்த பழியைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதைச் சொல்ல மாஸ்டர் இருந்தாரே. ஒரு வாத்தியார் கோட்டுத் துணி கொடுத்திருந்தார். சாம்பல் நிறம், விலை உயர்ந்த துணி. எப்படி வெட்டுகிறார் என்று பார்க்க எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் மேசை விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, முதுகுப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முடித்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் பாதியில் நின்றது. மாஸ்டர் அசையவில்லை. சட்டையில் ஈரம் பரவி, மேசையில் இறங்கி, சாம்பல் துணியின் ஓரத்தைத் தொட்டது.

வாத்தியார் நல்ல மனிதர். திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மரியாதைதான் மாஸ்டரைக் குத்திவிட்டது.

மச்சினன் மிஷினை விட்டு ஓடி வந்து, ஒரு பழைய துணியை எடுத்து மாஸ்டர் வயிற்றில் வைக்கப் போனான். "மாமா, உள்ள வாங்க, நான் பார்த்துக்கறேன்."

"கையை எடு!" மாஸ்டர் கத்தினார். "நீ பார்த்துக்குவே. எல்லாத்தையும் நீ பார்த்துக்குவே. அதுக்குத்தானே இந்தக் குப்பைச் சரக்கா பார்த்து வாங்கிட்டு வந்து கொடுக்கறே?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"நான் இந்த மேசையை விட்டு எழுந்திருக்கணும். நீ நிக்கணும். அவ்வளவுதானே? இந்தா, நில்லு!" கத்தரிக்கோலைத் தூக்கி அவன் பக்கம் தள்ளினார்.

மச்சினன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். அக்கா திரையை விலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். பிறகு மிஷினுக்குப் போய்ப் பாதி தைத்திருந்த சட்டைக் கையை ஊசிக்கு அடியிலிருந்து எடுத்து, மடித்து வைத்தான். தன் இரும்பு ஸ்கேலை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"உங்களைத் தூக்கிட்டு ஓடினப்ப நீங்க என் முதுகெல்லாம் வாந்தி எடுத்தீங்க மாமா. நான் முகம் சுளிச்சேனா?"

அவ்வளவுதான் கேட்டான். போய்விட்டான்.

அப்புறம் அந்தக் கடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. தைக்க ஆளில்லை. வெட்டிய துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வந்து கேட்கிறவர்களிடமெல்லாம் மாஸ்டர், "நாளைக்கு" என்றார். எனக்கும் வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரும் சும்மாவே இருந்தது. மாஸ்டர் சம்சாரம் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்துவாள், பேசமாட்டாள்.

வெயில் முறிந்து முதல் மழை பெய்த அன்று அவள் குரல் கேட்டது.

"என் தம்பியைத் துரத்திட்டீங்க. சரி. இப்ப சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"நான் பார்க்கணும்."

"அதெல்லாம் பார்க்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல?"

"சொன்னீங்க. நானும் கேட்டேன். கேட்டதுல ஒரு தம்பி போனான். அடுத்து நான் போகணுமா?"

நீண்ட நேரம் மழைச் சத்தம்தான். அப்புறம் அவள், "அடப் பாவி மனுஷா!" என்று கத்தினாள். நான் காதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு நேரே ஓடினேன். திரைக்கு வெளியேயே நின்றேன். "தோலெல்லாம் வெந்து கிடக்குதே! இதை வெச்சுக்கிட்டா மேசையில சாஞ்சு நின்னீங்க? ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"போனா மறுபடி வெட்டணும்னு சொல்லுவாங்கடி" என்றார் மாஸ்டர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "அது உள்ள போகுது. எனக்குத் தெரியும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது இப்ப இல்ல. பை நல்லா இருந்தா சரியாயிடும்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயிற்றைச் சந்தேகப்பட அவருக்குப் பயம். அதனால்தான் மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டாள். "நீயும் வா. நான் ஒருத்தியா கூட்டிட்டுப் போனா பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கிடுவார்." அவரை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம்.

ஸ்டோமாவுக்கென்றே அங்கே ஒரு நர்ஸ். கொஞ்சம் குண்டான அம்மா, சிரிக்காத முகம். மாஸ்டரும் சம்சாரமும் திரைக்குள்ளே போனார்கள், நான் இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தேன். திரை என் வீட்டுச் சுவரைவிட மெல்லியது.

"படுங்க" என்றாள் நர்ஸ். கொஞ்ச நேரம் கழித்து, "படுத்தா ஓரளவு சரியாத்தான் தெரியுது. பையை எப்படி ஒட்டுவீங்க? படுத்தா, உட்கார்ந்தா?"

"படுத்துதான். இங்க அப்படித்தானே செஞ்சாங்க?"

"அது ஆபரேஷன் புதுசுல. இப்ப உட்காருங்க. ம்... பாருங்கம்மா, உட்கார்ந்ததும் மடிப்பு விழுது, அந்த மடிப்புக்குள்ள இது இறங்கிடுது. என்ன வேலை செய்யறீங்க?"

"டெய்லர், சிஸ்டர். வெட்டறவர்" என்றாள் மனைவி.

"எப்படி நிப்பீங்க? இந்தக் கட்டில்தான் மேசைன்னு வெச்சுக்கிட்டு நின்னு காட்டுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. நர்ஸ் உச்சுக் கொட்டுவது கேட்டது.

"காணவே காணோம். முழுசா உள்ள போயிடுச்சு. அப்புறம் ஒழுகாம என்ன செய்யும்? உடம்பு போட்டிருக்கீங்க. வயிறு மேல வந்துச்சு, ஸ்டோமா பள்ளத்துல நின்னுடுச்சு. தட்டையான தட்டு பள்ளத்துல ஒட்டுமா? அடியில புகுந்து தோலை அரிச்சிருக்கு. பை மேல ஒரு குத்தமும் இல்ல."

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "மறுபடி வெட்டணுமா?"

"டாக்டரும் பார்க்கட்டும். நிறம் நல்லா இருக்கு, வழியும் அடைக்கல. இப்போதைக்கு வெட்ட வேண்டியிருக்காதுன்னுதான் தோணுது. நடுவுல மேடு வெச்ச தட்டு இருக்கு. அது சுத்தியிருக்கற சதையை அமுக்கி ஸ்டோமாவை வெளிய தள்ளும். அதுக்கு ஒரு பெல்ட், பள்ளத்தை நிரப்ப ஒரு ஒட்டு வளையம், புண்ணுக்குப் பவுடர் தரேன். கறுத்துப் போனாலோ, எதுவுமே வெளிய வராம நின்னாலோ அந்த நிமிஷமே வந்துடணும். சரி, துளை எந்த அளவுல வெட்டறீங்க?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கும் சத்தம்.

"இது எப்ப எடுத்த அளவு?"

"ஆபரேஷன் ஆனப்ப, இங்க கட்டில்ல படுத்துக்கிட்டே எடுத்தது" என்றார் மாஸ்டர்.

"அப்ப வீங்கி இருந்திருக்கும். ரெண்டு மாசத்துலயே வத்திடும். இந்தத் துளைக்குள்ள இப்ப ரெண்டு ஸ்டோமா போகும் போல இருக்கே! மீதி இடத்துல தோல்தானே கிடந்து வேகுது? அப்பப்ப அளந்து பார்க்க வேண்டாமா?"

மாஸ்டர் சம்சாரம் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கியது அவளுக்கு. "பழைய அளவு சிஸ்டர். இவர் பழைய அளவுக்கு வெட்டியிருக்கார்!"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

புதுத் தட்டு தாங்கியது. பெல்ட்டை மாஸ்டரே இரண்டு தடவை பிரித்துத் தைத்து வசதி செய்துகொண்டார். தோல் ஆறியது. மேசைக்கடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்தி, குனியாமல் வெட்டப் பழகினார். துணிதான் தைக்க ஆளில்லாமல் கிடந்தது. மச்சினனிடம் ஒரு வார்த்தை போய்ச் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை.

ஒரு நாள் விடிந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பையும் தட்டும் உள்ள பெட்டி, பஞ்சு, வெந்நீர் பிளாஸ்க். பின்னால் மனைவி.

"தங்கச்சி, நீயும் வா. உன்கிட்டதான் முதல்ல அவனைப் பத்திச் சொன்னேன். நீயும் இருக்கணும்."

மச்சினன் தெருக்கோடியில் ஒரு வாடகை அறையில் மிஷின் போட்டு, தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அக்காவுக்கு மட்டும் முக்காலியை நகர்த்தினான். மிஷினை நிறுத்தவில்லை.

"தையலை நிறுத்து" என்றார் மாஸ்டர்.

"அவசர வேலை மாமா."

"இன்னிக்குப் பை மாத்தற நாள். எதுவும் சாப்பிடாம வந்திருக்கேன், சாப்பிட்டா அது சும்மா இருக்காது. புதுசா அளவு எடுக்கணும். உட்கார்ந்து எடுக்கணுமாம். உட்கார்ந்தா தொந்தி மறைக்குது, எனக்குத் தெரியல."

"அக்கா எடுக்கட்டும்."

"அவ பார்த்துட்டா. நீ எடு."

"எதுக்கு? அளவைத் தப்பா எடுத்துட்டேன்னு சொல்லவா?"

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார். பெல்ட்டைக் கழற்றி, தட்டை மெல்ல உரித்து, வெந்நீரில் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "திரும்ப வேண்டாம் தங்கச்சி" என்றார். பிறகு கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மச்சினன் பக்கம் நீட்டினார்.

மிஷின் நின்றது.

மச்சினன் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து டேப்பை வாங்கினான். உடனே அளக்கவில்லை. டேப்பை மேசையில் விரித்து, ஒரு முனையை விரலால் பிடித்துக்கொண்டு, அதன்மேல் தன் இரும்பு ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தான். மாஸ்டர் திறந்த வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க டேப் நீண்டு போயிருக்கு."

"என்னது?"

"இருபத்தி நாலு அங்குலத்துக்கு அரை அங்குலம். பழசு, இழுத்து இழுத்து நீண்டிருக்கு. உடம்புல அளக்கவும் இதே டேப், துணியை வெட்டவும் இதே டேப், அதனால உங்க வேலையில தப்பு தெரியல. நான் ஸ்கேல் வெச்சுத் தெச்சதுதான் எப்பவும் அரை அங்குலம் குறைஞ்சுது."

மாஸ்டர் சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். எத்தனை சட்டைக் கையை அவன் பிரித்துப் பிரித்துத் தைத்திருப்பான் என்று நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"எப்பத்துல இருந்து?" என்றார் மாஸ்டர்.

"எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் தொட விட்டீங்களா?"

மாஸ்டர் டேப்பைத் திரும்பக் கேட்கவில்லை.

"அப்ப உன் ஸ்கேல்லயே எடு" என்று சொல்லிவிட்டு, சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.